குழலில் நின்ற குண்டு

“20 ஜூலை 2024, சனி. நான்காம் தடம். .38 ரிவால்வர். குழலில் குண்டு சிக்கியது. அகற்றப்பட்டது. காயம் எவருக்கும் இல்லை. பார்வையாளர் ஒருவர் தரையில் விழுந்தார்; உதவி தேவைப்படவில்லை.”

மெல்பேர்ணின் தென்கிழக்கே, பழைய மணல் குவாரி ஒன்றுக்குள் இயங்கும் கைத்துப்பாக்கிக் கழகத்தின் சம்பவப் புத்தகத்தில் உள்ள பதிவு இது. ஆங்கிலம் அவர்களுடையது, தமிழ் என்னுடையது. அந்தப் பார்வையாளர் நான்தான். பதிவில் ஒரு பிழை இருக்கிறது. நான் விழவில்லை, படுத்தேன்.

என்னை அங்கே அழைத்தவர் என் நண்பர். மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே பொறியியல் படிக்க வந்து தங்கிவிட்டவர். கேரம் டவுன்ஸ் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் என் காரின் பின்விளக்கை அவர் உடைத்ததில் எங்கள் பழக்கம் தொடங்கியது. அவர் நெடுநாளாக அந்தக் கழகத்தின் உறுப்பினர். அவருடைய ஒரே மகளும் பின்னர் சேர்ந்தாள். மருத்துவமனை ஒன்றில் கை சிகிச்சையாளராக இருக்கிறாள். இயந்திரத்தில் விரல் நசுங்கியவர்களுக்கும் நரம்பு அறுந்தவர்களுக்கும் மீண்டும் விரல் மடக்கப் பழக்குவது அவள் வேலை. அன்று அவளுக்கு முதல் போட்டி.

“ஒரு தடவ வந்து பாருங்க லா, அண்ணே” என்று அவர் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “இது சண்ட இல்ல. பேப்பர்ல ஓட்ட போடுற வெளயாட்டு.”

இதை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். “பேப்பரிலை ஓட்டை போட ஏன் துவக்கு? மேசை லாச்சிக்கை பஞ்ச் மெசின் கிடக்கு, கொண்டுபோய்க் குடுங்கோவன்” என்றார். பிறகு சிரிக்காமல், “உங்களுக்கு அந்தச் சத்தம் சரிவராது” என்றார்.

சரிவரும் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

வாசலில் எனக்குக் காதுக்கவசம் தந்தார்கள். அது மின்கலத்தில் இயங்கும் வகை. பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். சிறிய சத்தத்தை அப்படியே உள்ளே விடும், சற்றுக் கூட்டியும் தரும். ஆகவே முதல் சுற்று முழுவதும் துப்பாக்கிகள் எனக்குத் தூரத்தில் யாரோ கதவு தட்டுவதுபோலவே கேட்டன. வெற்றுக் கூடுகள் தட்டில் விழுவது துல்லியமாகக் கேட்டது. என் பின்னால் ஒருவர் பிஸ்கட் கடிப்பதுகூடக் கேட்டது. நான் பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்து, இவ்வளவுதானா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதியையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாம் சுற்று, நேரம் குறித்துச் சுடும் சுற்று. குறிப்பிட்ட நொடிகளுக்குள் ஆறு தோட்டாக்களையும் சுட்டு முடிக்க வேண்டும். நண்பரின் மகள் நான்காம் தடத்தில் நின்றாள். அவர் எனக்கு முன்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேசையில் இருந்த தோட்டாக்கள் அவர் தம் கையால் வீட்டில் நிரப்பியவை.

சில வெடிகள் கேட்டன. பிறகு ‘டுப்’.

அதன் பின் எனக்கு நினைவில் இருப்பது கன்னத்தில் பட்ட சீமெந்தின் குளிர்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாண நகரை அண்டி வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டை இராணுவ முகாமிலிருந்து ஷெல் அடிக்கும்போது இரண்டு சத்தங்கள் வரும். ஒன்று அது விழுந்து வெடிப்பது. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அது வேறெங்கோ விழுந்துவிட்டது, நீங்கள் உயிரோடு இருப்பதால்தான் அதைக் கேட்கிறீர்கள். மற்றது அதற்கு முன், குழாயை விட்டு ஷெல் கிளம்பும் சத்தம். உரலில் ஒரே ஒரு குத்துக் குத்தியதுபோல, மெல்லியதாக இருக்கும். “குத்துறான்” என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் வீடு முழுவதும் தரையில் கிடக்கும். பெரிய சத்தத்துக்கு அசையாமல் சின்னச் சத்தத்துக்குப் படுப்பது எங்கள் உடம்பு கற்ற பாடம். துப்பாக்கி மைதானத்தில் இதைவிடத் தவறான ஒரு செய்கை இருக்க முடியாது.

என் கதிரை கவிழ்ந்து தடாலென்று அடித்தது. யாரோ ஒருவர், மனிதன் ஒருவன் விழுந்துவிட்டான் என்று ஆங்கிலத்தில் கத்தினார். சுடுதளத்தை நடத்தும் ரேஞ்ச் ஆபீசரின் விசில் ஒலித்தது, “ஸ்டாப்! ஸ்டாப்!” என்ற குரல் கேட்டது. எல்லோரும் துப்பாக்கிகளை முன்னிருந்த மேசையில், வாய் இலக்குகளுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பார்க்க, வைத்துவிட்டுக் கையை எடுத்தார்கள். நண்பரின் மகளும் வைத்தாள். வைத்த மறுகணம் ஓடி வந்தாள்.

“அங்கிள், ஆர் யூ ஓகே? செஸ்ட் பெயின் இருக்கா?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை. நான் விழேல்லை, படுத்தனான்.”

“படுத்தீங்களா? ஏன்?”

“அந்தச் சத்தத்துக்கு.”

“இங்க எல்லாமே சத்தம்தானே, அண்ணே!” என்று நண்பர் என் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே சிரித்தார். “நம்ம ஊரு பட்டாசுக்கடையில விட்டா என்னா செய்வீங்க?”

“இல்லைத் தம்பி, இது மற்றதுகள் மாதிரி இல்லை. சின்னச் சத்தம். உவள் நிண்ட இடத்திலை.”

அவர் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். ரேஞ்ச் ஆபீசர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, உயரமான ஆஸ்திரேலியப் பெண்மணி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் கையால் நான்காம் தடத்தைக் காட்டியது தெரிந்தது. என்ன கேட்டது என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். சொன்னேன். அவர் யாரையும் அந்த மேசைக்கு அருகே விடவில்லை. தொலைநோக்கியால் இலக்குத் தாளைப் பார்த்தார். மகள் எத்தனை சுட்டாள் என்று கேட்டார். நான்கு. தாளில் ஓட்டைகள் மூன்று.

தோட்டாவின் அடியில் பிரைமர் என்ற சிறு தீக்குமிழ் ஒன்று உண்டு. துப்பாக்கியின் சுத்தியல் அதை அடிக்க, அது உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். மருந்து இல்லாவிட்டால் அந்தக் குமிழின் பலம் மட்டும் குண்டைக் கூட்டிலிருந்து தள்ளி, குழலுக்குள் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் விட்டுவிடும். குழலின் வாயை அது எட்டாது. அப்படி ஒன்று உள்ளே நிற்கும்போது அடுத்ததைச் சுட்டால், பின்னால் வருவதற்கு வழியில்லை. குழல் வீங்கும், அல்லது பிளக்கும். பிடித்திருப்பவரின் விரல்கள் அதற்கு மிக அருகே இருக்கின்றன. இது பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. மகளுக்கும் தெரியும். ஆனால் மணி ஓடும் சுற்றில் கை தன்பாட்டில் அடுத்ததற்குப் போய்விடும் என்று பின்னர் அவளே என்னிடம் சொன்னாள்.

தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு என்பதால் முதலில் அப்படியே விட்டு வைத்தார்கள். பிறகு ரேஞ்ச் ஆபீசர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, வாய் மண்மேட்டைவிட்டு விலகாதபடி ரிவால்வரை எடுத்து, தோட்டாக்கள் அமரும் உருளையின் பூட்டைத் தள்ளினார். உருளை எளிதாகத் திறந்துகொண்டது.

அவர் முகம் வெளுத்தது எனக்குப் புரியவில்லை. எளிதாகத் திறந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். நண்பர் மெதுவாகச் சொன்னார்: “திறக்காம இருந்திருக்கணும், அண்ணே. குண்டு பாதி உருளையிலும் பாதி குழல்லயும் மாட்டியிருந்தா உருளை சுத்தாது, அடுத்தது வெடிக்காது. துப்பாக்கியே மாட்டேன்னு சொல்லிடும். இது முழுசா குழலுக்குள்ள போயிருக்கு. விசைய இழுத்திருந்தா வெடிச்சிருக்கும்.”

மீதமிருந்த நல்ல தோட்டாக்கள் ஒரு தட்டில் கொட்டப்பட்டு வேறொரு மேசைக்குப் போயின. ரேஞ்ச் ஆபீசர் உருளை இருந்த பக்கத்திலிருந்து குழலுக்குள் சிறு விளக்கைக் காட்டினார். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. வாய்ப் பக்கமாக எவரும் கண்ணை வைத்துப் பார்க்கவில்லை. வெறும் துப்பாக்கி என்று தெரிந்த பின்னும் பார்க்கவில்லை.

ரிவால்வரைத் துணி சுற்றி, மேசையோடு பொருத்திய மர இடுக்கியில் இறுக்கினார்கள். குழலின் வாய் வழியே சில துளி எண்ணெய் விட்டு ஊற வைத்தார்கள். நண்பர் தம் பையைத் திறந்து பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்து முன்னே வந்தார். குழலின் உள்ளளவுக்கு மட்டுமட்டாக இருக்கும் கம்பி. இரும்புக் கம்பி உள்வரிகளைக் கீறிவிடும், மரக்குச்சி உடைந்து ஆப்புப்போல் இறுகிவிடும், மெல்லிய கம்பி குண்டின் ஈயத்தைக் குத்தி விரித்து இன்னும் இறுக்கிவிடும் என்று எனக்கு முன்பு ஒருமுறை சொன்னவர் அவர்தான். ரேஞ்ச் ஆபீசர் கம்பியை வாங்கிக்கொண்டார். தட்டும் வேலையை நண்பரிடம் விடவில்லை. இன்றைக்கு நீங்கள் துணியைப் பிடியுங்கள் என்றார்.

நண்பர் துணியைப் பிடித்தார். உருளை விலகிய இடத்தில் இருக்கும் சதுர வெளிக்குக் கீழே, இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தார், கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல.

கம்பியை வாய்ப்பக்கமாக நுழைத்து, எங்கே தட்டுப்படுகிறது என்று பார்த்து, பென்சிலால் அடையாளம் இட்டார் ரேஞ்ச் ஆபீசர். குண்டு போன தூரம் குறைவு, வந்த வழியே திரும்புவதுதான் அதற்குச் சுருக்கம். பிறகு சிறு மரச் சுத்தியால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, ஆணியைச் சுவரில் நிலைநிறுத்துவதற்குத் தட்டும் தட்டு. பென்சில் கோடு அசையவில்லை. மீண்டும் எண்ணெய் விட்டார். மீண்டும் தட்டினார். கோடு குழலின் வாய்க்குள் மறைந்தது. மகள் என் அருகே நின்று தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். நோயாளியின் கையைப் பிடிக்கும் பிடி அது.

குண்டு துணியில் விழுந்தது. சத்தமே இல்லை.

எனக்கு அதைக் காட்டினார்கள். ஈயத்தில் குழலின் வரிகள் அழகாகப் பதிந்திருந்தன. அடிப்பக்கம் கரி இல்லை. பிரைமரின் சாம்பல் நிறப் படிவு மட்டும் இருந்தது. எரியாத மருந்துத் துகள் ஒன்றுகூட இல்லை. அந்தத் தோட்டாவில் மருந்தே போடப்படவில்லை என்று ரேஞ்ச் ஆபீசர் சொன்னார். குழலைத் துலக்கி, உள்ளே வளையம்போல் வீக்கம் ஏதும் உண்டா என்று ஒளி காட்டித் தேடினார், இல்லை. ஆனாலும் துப்பாக்கித் தச்சர் பார்க்கும்வரை அதைச் சுடக்கூடாது என்று ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். அந்தத் தோட்டாப் பெட்டியிலிருந்தும் எவரும் ஒன்றையும் சுடக்கூடாது என்றார். போட்டி தொடர்ந்தது. அவர்கள் இருவரும் அதில் இல்லை.

கழகத்தின் குசினியில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். நண்பர் தேநீரைத் தொடவில்லை.

“அக்கா போனாங்களே, அன்னிக்கு,” என்றார்.

ஜூன் 18, செவ்வாய். ஈப்போவில் அவருடைய மூத்த சகோதரி இறந்தார். நான் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன நாள் என் நாட்குறிப்பில் இருக்கிறது. செய்தி வந்தபோது அவர் கராஜில் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எனக்கு அதுவரை தெரியாது.

அவருடைய இயந்திரம் பழைய வகை. வட்டத் தட்டு ஒன்றில் சில பித்தளைக் கூடுகள் நிற்கும். கைப்பிடியை இழுத்தால் ஒரு கூட்டில் ஓர் அளவு மருந்து விழும், அடுத்த கூட்டில் குண்டு அமரும். பிறகு தட்டைக் கையால் திருப்ப வேண்டும். திருப்பாமல் இரண்டு முறை இழுத்தால் ஒரே கூட்டில் இரண்டு அளவு விழும். இழுக்காமல் திருப்பினால் ஒன்றும் விழாது. இடையில் எழுந்துபோனால் தட்டில் உள்ள அத்தனையையும் எடுத்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது சட்டம்போல. புதியவர்களுக்கு அவரே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

“ஃபோன் வந்திச்சி. அப்பிடியே எழுந்திட்டேன். கைப்பிடி மேலயா கீழயா தெரியல. தலைக்கு ஊத்திக்கிட்டு, மெஷின் மேல துணியப் போட்டேன். தீட்டு முடியிற வரைக்கும் அந்தப் பக்கமே போகல.”

“பிறகு?”

“பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சிச்சி. அந்த சனிக்கெழம போய் துணிய எடுத்தேன். கொட்டணும்னு தெரியும் அண்ணே. தெரியாம இல்ல. ஆனா தீட்டு கழிச்சி மொதல் வேல, அதுவும் கொட்டிக் கவுக்கிறதா? மனசு வரல. மூணு கூடுதானே, எது எங்க நின்னுச்சின்னு ஞாபகம் இருக்குன்னு நெனச்சேன். தட்டத் திருப்பி, இழுத்து, தொடங்கிட்டேன்.”

மகள் அவரைப் பார்த்தாள். “அப்பா, யூ ஆர் அன் எஞ்சினியர்.”

“ஆமாம்மா” என்றார் அவர்.

எங்கள் ஊரில் தீட்டைத் துடக்கு என்போம். சொல்தான் வேறு. தன் தகப்பனின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, முடிந்து முதன்முதல் கடை திறந்த என் மைத்துனர், பழுதாகிப்போன வெங்காயத்தை அன்று வெளியே எறிய மறுத்து, நல்லதோடு வைத்தே விற்றார். ஆகவே நண்பரை மடையன் என்று நினைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் அவர் முகத்தில் இருந்த பயம் அந்த வெறுங்கூட்டைப் பற்றியது அல்ல. அது அகப்பட்டுவிட்டது. “வரிச கொழம்பி ஒண்ணுல விழலைன்னா இன்னொண்ணுல ரெண்டு தடவ விழுந்திருக்கலாம்” என்றார். இரண்டு அளவு மருந்து அந்தக் கூட்டில் தாராளமாக அடங்கும். குண்டு அமர்ந்தபின் வெளியே தெரியாது. சிக்கிய குண்டைவிட அது மோசம். உருளையையே பிளக்கக் கூடியது.

அடுத்த நாள் ஞாயிறு பிற்பகல், அவர் கராஜில், துணியை எடுத்த அந்தச் சனிக்கிழமை நிரப்பியவற்றில் மிஞ்சிய தோட்டாக்கள் அனைத்தையும் பிரித்தோம். அதற்கென்று சுத்தியல் வடிவில் பிளாஸ்டிக் கருவி ஒன்று உண்டு. தோட்டாவை அதன் தலையில் செருகி, கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று விழும். நண்பர் தட்டுவார். மகள் மருந்தைத் தராசில் இடுவாள். நான் சரி என்று கோடு போடுவேன்.

தட்டும் ஒவ்வொரு முறையும் ‘டுப்’.

முதல் சிலவற்றுக்கு என் உடம்பு தானாகத் தரைக்குச் சரியப் பார்த்தது. கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். மகள் என் விரல்களைப் பார்த்துவிட்டாள்.

“அங்கிள், யூ டோன்ட் ஹாவ் டு டூ திஸ். உள்ள போய் டீவி பாருங்க.”

“இல்லைப் பிள்ளை, இருக்கிறன்.”

“பயமா இருக்கா?”

“பயமில்லை. விழுற சத்தம் வரேல்லை எண்டுதான் கிடக்கு. அது வந்தால்தான் எழும்பலாம்.”

அவள் ஒரு காரியம் செய்தாள். தந்தை தட்டியதும், கழன்று விழுந்த குண்டை எடுத்துப் பழைய பால்மா டின்னுக்குள் ‘டணார்’ என்று போட்டாள். அடுத்ததற்கும் போட்டாள். டுப், டணார். டுப், டணார். சிறிது நேரத்தில் என் கை கதிரையை விட்டது. நண்பர் தலை நிமிராமல், “என்னா லா, பேண்டு வாத்தியமா?” என்றார். அந்த இரண்டு நாளில் அவர் சொன்ன ஒரே பகிடி அது.

யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் ஒரு பிற்பகல், குத்திய சத்தம் கேட்டு நாங்கள் படுத்த பின் விழுந்த சத்தம் வராமலே போனது உண்டு. கடலில் விழுந்தது என்றார்கள் சிலர். வெடிக்காமல் யாருடைய வளவிலோ புதைந்தது என்றார்கள் சிலர். அன்று மாலை வீட்டார் எழுந்து விளக்கேற்றிச் சமைத்தார்கள். நான் மட்டும் நெடுநேரம் தரையிலேயே கிடந்தேன். கராஜில் அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

பெட்டி முடிந்தது. எல்லாவற்றிலும் ஓர் அளவு மருந்து, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நண்பர் கருவியைக் கீழே வைத்து, வேட்டியால் முகத்தைத் துடைத்தார். ஒன்றுமில்லை அண்ணே, அந்த ஒன்றில்தான் மருந்து தவறியிருக்கிறது என்றார். மகள் தராசின் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா,” என்றாள். “நேத்து மூணாவது ஷாட். அது கொஞ்சம் ஹார்டா இருந்திச்சு.”

“எவ்வளவு ஹார்ட்?”

“ஐ டோன்ட் நோ. கை மேல போச்சு. நான் சரியாப் பிடிக்கலைன்னு நெனச்சேன்.”

“நெஜமாவா? இல்ல, இப்ப நெனைக்கிறப்ப அப்பிடித் தோணுதா?”

அவள் தன் வலது கையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தாள். “தெரியல, அப்பா.”

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் என்னைப் படுக்கவைத்த நான்காவது தோட்டாவைப் பற்றியே மூவரும் நினைத்திருந்தோம். அதற்கு முந்தியது வெடித்தபோது நான் கதிரையில் சாய்ந்து, இவ்வளவுதானா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடித் தடுப்பில் நெற்றியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் துப்பாக்கித் தச்சர் ரிவால்வரைப் பிரித்துப் பார்த்தார். குழலிலும் உருளையிலும் சேதமில்லை என்று எழுதித் தந்தார். இரண்டு அளவு மருந்தை அது ஒருமுறை தாங்கி, அடையாளமே இல்லாமல் இருந்திருக்க முடியுமா என்று நண்பர் கேட்டார். முடியும் என்றார் அவர். முடியும் என்பதால் நடந்தது என்று ஆகாது என்றும் சொன்னார். வெற்றுக் கூடுகளில் ஏதேனும் தெரியலாம் என்றார். அவை அன்று மாலையே மற்றவர்களுடைய கூடுகளோடு கழகத்தின் வாளிக்குள் கூட்டி அள்ளப்பட்டுவிட்டன.

மகள் செப்டெம்பரில் மீண்டும் சுடத் தொடங்கினாள், கடையில் வாங்கிய தோட்டாக்களால். நண்பர் அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிறார், உள்ளே போவதில்லை. நேரம் முடியும்வரை காரிலேயே இருக்கிறார். கண்ணாடிகளை ஏற்றி வைத்திருப்பார் என்று அவள் சொல்கிறாள். இயந்திரத்தைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்டிருக்கிறேன்: துணியை எடுத்த அந்தச் சனிக்கிழமை, தட்டைத் திருப்புவதற்கு முன் கைப்பிடியை ஒருமுறை இழுத்தீர்களா? முதல் முறை இல்லை என்றார். இரண்டாம் முறை இழுத்திருக்கலாம் என்றார். கடைசியாகக் கேட்டபோது கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். 20 ஜூலை அன்று நான்காம் தடத்தில், இரண்டாம் சுற்றில், அவர் மகள் சுட்ட மூன்றாவது தோட்டாவில் இருந்தது ஓர் அளவு மருந்தா, இரண்டு அளவா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.